கண்ணாடியா, சிமெண்டா: ஹான்ஃபோர்டின் தொட்டிகளைக் காலி செய்ய எது வழி?

நாகசாகியில் விழுந்த குண்டுக்குப் புளூட்டோனியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலர் லாஸ் அலமோஸ் என்பார்கள். குண்டை வடிவமைத்தது அங்கேதான். ஆனால் உள்ளே வைத்த சரக்கு வந்தது வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள ஹான்ஃபோர்டிலிருந்து. 1943-இல் அங்கிருந்த ஹான்ஃபோர்டு, ஒயிட் பிளஃப்ஸ் என்ற இரண்டு சிற்றூர்க்காரர்களுக்கு ஒரு மாதம்போல் அவகாசம் கொடுத்து அரசு வெளியேற்றியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பி ரியாக்டர் என்ற அணு உலை ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு மேலும் எட்டு உலைகள் வந்தன. கடைசி உலை 1987-இல் நின்றது. அதற்குள் சுமார் 67 டன் புளூட்டோனியம் செய்து முடித்திருந்தார்கள்.

புளூட்டோனியம் போய்விட்டது, கழிவு போகவில்லை. இன்று அங்கே நிலத்துக்கடியில் 177 தொட்டிகளில் ஏறக்குறைய 21 கோடி லிட்டர் கழிவு கிடக்கிறது. 149 தொட்டிகளுக்கு எஃகுச் சுவர் ஒன்றுதான். அவை 1943-க்கும் 1964-க்கும் இடையில் கட்டியவை. மீதி 28-க்கு இரட்டைச் சுவர். ஒற்றைச் சுவர்த் தொட்டிகளில் 67 ஒழுகியிருக்கும் என்றும், சுமார் 38 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் போயிருக்கும் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பி-109 என்ற தொட்டி நாளொன்றுக்கு 13 லிட்டர்போல் கசிவதாக 2021 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. இரட்டைச் சுவர் இருந்தால் பயமில்லை என்ற நம்பிக்கையும் 2012-இல் ஆட்டம் கண்டது. ஏஒய்-102 என்ற தொட்டியின் உள்சுவர் கசிந்து, இரண்டு சுவர்களுக்கும் நடுவே கழிவு இறங்கியிருந்தது தெரிந்தது.

இந்தத் தொட்டிகளில் உள்ளதை வெளியே எடுத்து எந்த வடிவில், எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. கண்ணாடியாக உருக்கலாம் என்பது ஒரு கட்சி, சிமெண்டில் குழைக்கலாம் என்பது இன்னொரு கட்சி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாக்குவாதம் நடக்கிறது. இரண்டு பக்கத்தையும் படித்துப் பார்த்ததில், பொருள் எது என்பதைவிட அது எங்கே போய்க் கிடக்கும், தொட்டியை விட்டு எப்போது வெளியேறும் என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உலையில் வெந்த யுரேனியத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து துளியளவு புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தார்கள். மிஞ்சிய அமிலக் கரைசலை வைக்கத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி வேண்டும். போர்க்காலத்தில் அது கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அதனால் சாதாரண கார்பன் எஃகில் தொட்டி கட்டிவிட்டு, அமிலம் அதை அரிக்காமல் இருக்க காஸ்டிக் சோடாவைக் கொட்டினார்கள். ஒரு சிக்கனம் எண்பது வருடத்துக்குச் செலவு வைத்த கதை இது. சோடா சேர்த்ததால் கழிவின் அளவு பெருகியது, உப்பு கூடியது, கனமான உலோகங்கள் சேறாக அடியில் படிந்தன. இப்போது ஒரே தொட்டியில் அடியில் சேறு, அதன்மேல் கெட்டிப்பட்ட உப்பு, சிலவற்றில் அதற்கும் மேலே திரவம். பல தசாப்தங்களாக வெவ்வேறு ஆலைகளின் கழிவு கலந்ததால் ஒரு தொட்டியைப் போல இன்னொன்று இருக்காது.

இதில் ஒரு நல்ல சேதி உண்டு. சேற்றில்தான் கடுமையான கதிரியக்கம் இருக்கிறது. உப்பிலும் திரவத்திலும் முக்கியமான தொல்லை சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். அதை வடிகட்டிப் பிரித்துவிடலாம். தொட்டியின் பக்கத்திலேயே வைத்த ஒரு கருவி 2022 ஜனவரியிலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. சீசியத்தை எடுத்த பிறகு நிற்கும் கரைசலுக்குக் குறைகதிர்க் கழிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். மொத்தக் கழிவின் அளவில் இது 90 சதவீதம். கதிரியக்கத்திலோ 10 சதவீதத்துக்கும் கீழே.

சேற்றைக் கண்ணாடியாக்கித்தான் ஆக வேண்டும் என்பதில் பெரிய தகராறு இல்லை. குறைகதிர்க் கழிவுக்கும் ஒரு கண்ணாடி ஆலை கட்டி, 2025 அக்டோபரில் ஒருவழியாக ஓடத் தொடங்கியது. ஆனால் அந்த ஆலையால் ஏறக்குறைய பாதியைத்தான் உரிய காலத்துக்குள் உருக்க முடியும். மீதிப் பாதியை என்ன செய்வது? சண்டையெல்லாம் இந்த மீதிப் பாதிக்குத்தான்.

கண்ணாடி எப்படி வேலை செய்கிறது

கழிவுக் கரைசலோடு மணல், போரான் சேர்மங்கள் போன்றவற்றைச் சேர்த்து 1,150 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்குகிறார்கள். கதிரியக்கத் தனிமங்கள் கண்ணாடியின் உள்வலையில் அணு அணுவாகச் சிக்கிக்கொள்ளும். பச்சைக் கண்ணாடி பாட்டிலை எவ்வளவு கழுவினாலும் பச்சை போகாது இல்லையா, அந்த மாதிரி. உருகிய குழம்பை ஆளுயரத்துக்கும் பெரிய எஃகுக் கலன்களில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். தண்ணீர் பட்டாலும் கண்ணாடி மிக மெதுவாகத்தான் கரையும். கழிவில் மலைபோல் இருக்கும் நைட்ரேட் உப்பும் அந்தச் சூட்டில் சிதைந்து போய்விடும். இது கண்ணாடியின் பெரிய பலம். குடிநீரில் நைட்ரேட் கலந்தால் என்ன ஆகும் என்பது விவசாய மாவட்டங்களில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பலவீனமும் அந்தச் சூட்டிலேயே இருக்கிறது. இந்தக் கழிவில் நெடுங்காலத்துக்குப் பயப்பட வேண்டிய இரண்டு பொருள்கள் டெக்னீஷியம்-99, அயோடின்-129. முதலாவதின் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், 2,11,000 ஆண்டுகள். அயோடினுக்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். இரண்டும் தண்ணீரோடு சுலபமாக ஓடும். 1,150 டிகிரியில் இவை கண்ணாடிக்குள் அடங்கி உட்காருவதில்லை. டெக்னீஷியத்தில் கணிசமான பங்கு ஆவியாகிறது; அதைப் பிடித்துத் திரும்பத் திரும்ப உலைக்கே அனுப்புகிறார்கள். அயோடினில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். அதை வெளியே விட முடியாது என்பதால் கழுவி, வடிகட்டிப் பிடிக்கிறார்கள். சரி, பிடித்த வடிகட்டிகளை என்ன செய்வதாகத் திட்டம்? சிமெண்டில் குழைத்து ஹான்ஃபோர்டிலேயே புதைப்பது!

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. கண்ணாடிதான் ஒரே தீர்வு என்று வாதாடுகிறவர்களின் திட்டத்திலும், எல்லாவற்றையும்விட நெடுநாள் வாழும் பொருள் கடைசியில் சிமெண்டில்தான் போய் அடங்குகிறது. ஆக, கண்ணாடியைத் தேர்ந்தால் சிமெண்டைத் தவிர்த்துவிட்டோம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

காசையும் காலத்தையும் பார்ப்போம். முழுக் கண்ணாடி வளாகத்தையும் கட்டுவதற்கு 2000-இல் போட்ட ஒப்பந்தம் சுமார் 430 கோடி டாலர். 2006-இல் அது 1,226 கோடியானது, அப்புறமும் ஏறியது. சேற்றைப் பிரிக்கும் கட்டடத்தின் வேலை பொறியியல் சந்தேகங்களால் 2012-இல் நின்றேவிட்டது. உருக்கும் உலைகள் ஒவ்வொன்றும் 300 டன். ஒருமுறை சூடேற்றினால் அதன் ஆயுள் முழுக்கச் சூடாகவே வைத்திருக்க வேண்டும், அணையா அடுப்பு மாதிரி. புகையைக் கழுவும் வரிசையில் ஓர் எந்திரம் மக்கர் செய்தாலும் உருக்குவது நிற்கும். முதல் உலையைச் சூடேற்றும் வேலையே 2022-இல் தொடங்கிய சில நாளில் தடைப்பட்டு, அடுத்த ஆண்டுதான் தொடர்ந்தது. மீதிப் பாதிக்கு இதே மாதிரி இரண்டாவது ஆலை கட்டலாம் என்று ஒருவர் சொன்னால், முதலாவது கட்டி முடிய எவ்வளவு காலம் ஆனது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

சிமெண்டுக்கு ஒரு பழைய கதை உண்டு

சிமெண்டு யோசனை புதிது கிடையாது. 1980-களின் கடைசியில் ஹான்ஃபோர்டின் திட்டமே அதுதான். நிலத்துக்கடியில் பெரிய காங்கிரீட் அறை கட்டி, அணு உலையொன்றின் லேசான கழிவைச் சிமெண்டில் குழைத்து முதல் அறையை நிரப்பவும் செய்தார்கள். 1989-இல் அமெரிக்க எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாஷிங்டன் மாநிலம் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் சிமெண்டுக்கு இடம் இருந்தது. ஆற்றோரத்தில் சிமெண்டு எத்தனை காலம் தாங்கும், ஊற்றியபின் சரியில்லை என்றால் எப்படித் திரும்ப எடுப்பது என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். 1993-வாக்கில் சிமெண்டைக் கைவிட்டு எல்லாமே கண்ணாடி என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து மாநில அரசின் நிலை, வேறு எதைக் கொண்டுவந்தாலும் அது கண்ணாடிக்கு நிகராக இருக்க வேண்டும் என்பது.

அதே காலத்தில் தெற்குக் கரோலினாவில், இன்னொரு அணுகுண்டுப் பொருள் ஆலையான சவானா ரிவரில் வேறு பாதை எடுத்தார்கள். சேற்றைக் கண்ணாடியாக்கினார்கள், குறைகதிர்க் கழிவை 1990 முதல் சிமெண்டில் குழைத்து அங்கேயே பெரிய காங்கிரீட் அறைகளில் ஊற்றி வருகிறார்கள். அவர்களின் கலவை விகிதத்தைச் சொன்னால் நம்மூர்க் கொத்தனார் தலையில் அடித்துக்கொள்வார்: சிமெண்டு பத்தில் ஒரு பங்கு, மீதி சரிபாதியாக ஃப்ளை ஆஷ் என்ற நிலக்கரிச் சாம்பலும் ஸ்லாக் என்ற இரும்பாலைக் கசடும். ஆனால் அந்த ஸ்லாக்குக்கு ஒரு வேலை இருக்கிறது. அது டெக்னீஷியத்தைத் தண்ணீரில் கரையாத வடிவத்துக்கு மாற்றி வைக்கும். சூடேற்ற வேண்டியதில்லை, புகை இல்லை, அதனால் புகையைக் கழுவும் தொழிற்சாலையும் தேவையில்லை. அயோடின் கலவைக்குள்ளேயே இருக்கும். ஓர் எந்திரம் கெட்டால் மாற்றிவிட்டு அடுத்த வாரம் மறுபடி கலக்கலாம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. நைட்ரேட் சிதையாமல் அப்படியே கிடக்கும், ஈரம் பட்டால் வெளியேறும். காற்றுப் பட்டுக் காலப்போக்கில் ஸ்லாக்கின் பிடி தளர்ந்தால் டெக்னீஷியமும் கிளம்பும். கலவையால் அளவு கூடுவதால் புதைக்க அதிக இடம் வேண்டும். சில தொட்டிகளில் உள்ள கரிமச் சேர்மங்களைப் புதைப்பதற்கு முன்னால் சிதைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அதற்குத் தனி வேலை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஹான்ஃபோர்டு மண்ணில் புதைப்பதாக இருந்தால் நானும் 1993-இல் எதிர்த்தவர்களோடுதான் நிற்பேன். அங்கே நிலத்தடி நீர் கொலம்பியாவை நோக்கி ஓடுகிறது. 1855 உடன்படிக்கைப்படி யகாமா முதலிய பழங்குடிகளுக்கு மீன்பிடிக்கவும் கிழங்கும் கனியும் சேகரிக்கவும் உரிமை உள்ள நிலம் அது. பழைய கழிவால் கெட்ட நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் வேலையே இன்னும் முடியவில்லை.

ஆனால் ஏன் அங்கேயே புதைக்க வேண்டும்?

டெக்சாஸின் ஆண்ட்ரூஸ் மாவட்டத்தில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி, தடித்த செங்களிமண்ணில் வெட்டிய உரிமம் பெற்ற புதைகுழி ஒன்று இருக்கிறது. மழை குறைவு, கீழே குடிக்கத்தக்க நிலத்தடி நீர் இல்லை. யூட்டாவின் கிளைவ் என்ற இடத்திலும் ஒன்று உண்டு. அங்கே நிலத்தடியில் இருப்பது வாயில் வைக்க முடியாத உப்புநீர். இப்படிப்பட்ட இடத்தில் கழிவு ஆற்றுக்குப் போகாமல் தடுக்கும் வேலையை மண்ணே செய்கிறது. சிமெண்டு அதற்குத் துணைதான். சிறு சோதனையாக 11 லிட்டர் ஹான்ஃபோர்டு கழிவைச் சிமெண்டாக்கி டெக்சாஸுக்கு அனுப்பியும் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஹான்ஃபோர்டின் ஆலையில் இன்று உருவாகும் குறைகதிர்க் கண்ணாடி எங்கே போகிறது? ஹான்ஃபோர்டிலேயே உள்ள புதைகுழிக்கு. அதன் வடிகட்டிகளில் சிக்கிய அயோடினும் அங்கேதான். டெக்சாஸுக்குப் போகும் சிமெண்டு, அதற்குள் இருக்கும் அயோடின், டெக்னீஷியம், நைட்ரேட் அத்தனையையும் கொலம்பியாவின் நீர்ப்பிடிப்பை விட்டு வெளியே கொண்டுபோகிறது. ஆற்றின் பக்கம் நின்று பார்த்தால், உள்ளூரில் புதைத்த நல்ல கண்ணாடியைவிட வெளியூருக்குப் போன சுமாரான சிமெண்டு மேல்.

செலவு வித்தியாசமும் கொஞ்சநஞ்சம் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டதன்பேரில் தேசிய ஆய்வுக்கூடங்களின் குழு ஒன்று 2019-இல் இந்த மீதிப் பாதிக்கு மதிப்பீடு கொடுத்தது. கண்ணாடிக்கு 2,000 முதல் 3,600 கோடி டாலர், சிமெண்டுக்கு 200 முதல் 800 கோடி. 2023-இல் அவர்கள் தந்த அடுத்த அறிக்கை, சிமெண்டாக்கி வெளி மாநிலத்தில் புதைப்பதையே பரிந்துரைத்தது.

அந்த 2019 மதிப்பீட்டில் மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது: நீராவியில் வறுத்து மணல்போன்ற குருணையாக்குவது. 600 முதல் 1,700 கோடி. ஐடஹோவில் இதே முறையில் ஓர் ஆலையை 2012-இல் கட்டி முடித்து, நிஜக் கழிவைப் போட்டு ஓட்டியது 2023 ஏப்ரலில். இதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

காலம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். ஒழுகும் ஒற்றைச் சுவர்த் தொட்டிகளைக் காலி செய்ய வேண்டுமென்றால் எடுத்ததை ஊற்ற இரட்டைச் சுவர்த் தொட்டிகளில் இடம் வேண்டும். அவையோ ஏற்கெனவே நிரம்பி வழியும் நிலை. கண்ணாடி ஆலை ஒன்றுதான் வெளியேறும் வழி என்றால், பந்திக்கு ஒரே வாசல் வைத்த கல்யாண மண்டபம் மாதிரி எல்லோரும் அதன் முன்னால் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த வாசல் ஒரு மாதம் அடைத்தால் 177 தொட்டிகளும் காத்திருக்கும். சிமெண்டு இரண்டாவது வாசல். மாதிரிக் கணக்குகளில் பத்தாயிரம் ஆண்டுக்குப் பிறகு எது எவ்வளவு கசியும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும்போதே பி-109-லிருந்து தினமும் ஒரு வாளி மண்ணுக்குள் இறங்குகிறது.

எதிர்க்கேள்விகள் இரண்டு எனக்கு உறுத்துகின்றன. ஒன்று, மிச்சமாகும் பணம் யாருக்கு மிச்சம்? ஹான்ஃபோர்டைத் துப்புரவாக்க இன்னும் 30,000 கோடியிலிருந்து 64,000 கோடி டாலர் வரை ஆகும் என்று 2022-இல் எரிசக்தித் துறையே சொன்னது. மலிவான வழி கிடைத்தால் மிச்சப் பணத்தில் சேற்றுக் கண்ணாடி ஆலையை விரைவாக முடிப்பார்கள் என்று நம்பலாம். ஆண்டு ஒதுக்கீட்டையே குறைத்துவிடுவார்கள் என்று பயப்படவும் காரணம் உண்டு. சேற்று ஆலை 2033-இல் ஓட வேண்டும் என்பது கெடு. இந்தக் கெடுவோடு முடிச்சுப் போடாமல் சிமெண்டுக்குச் சம்மதிப்பது ஏமாளித்தனம்.

இரண்டாவது டெக்சாஸ். 2004-இல் வாஷிங்டன் மாநில மக்கள், ஹான்ஃபோர்டில் இருப்பதைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை வெளியூர்க் கழிவு அங்கே வரக் கூடாது என்று பெரும் பெரும்பான்மையோடு வாக்களித்தார்கள். நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது வேறு விஷயம். அடுத்தவன் குப்பை எங்கள் வாசலுக்கு வேண்டாம் என்று சொன்ன ஊர், இருபது ஆண்டில் தன் குப்பையை அடுத்தவன் வாசலுக்கு அனுப்புகிறது. டெக்சாஸும் 2021-இல் அணுவுலையின் பயன்படுத்திய எரிபொருளையும் உயர்கதிர்க் கழிவையும் சேமிக்கத் தடைச் சட்டம் போட்ட மாநிலம்தான். நீரியலைப் பார்த்தால் ஆண்ட்ரூஸ் சரியான இடம். வழியில் லாரி போகும் ஊர்களில் இருப்பவர்களிடம் யார் கேட்டார்கள் என்பதற்கு நீரியலில் பதில் கிடையாது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் முடிவெடுக்க வேண்டியிருந்தால்: சேறு முழுக்கக் கண்ணாடி. கட்டி முடித்த குறைகதிர் ஆலை ஓடுகிறவரை ஓடட்டும், அதை நிறுத்துவது பைத்தியக்காரத்தனம். மீதிப் பாதிக்கு இரண்டாவது கண்ணாடி ஆலை வேண்டாம். சிமெண்டு, அதுவும் ஹான்ஃபோர்டுக்கு வெளியே மட்டும். நைட்ரேட்டுக்கும் டெக்னீஷியத்துக்கும் ஆற்றோரத்தில் இடம் கொடுக்கும் எந்த விதிவிலக்குக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அரசுகளும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கின்றன. 2024 ஏப்ரலில் அறிவித்து 2025 ஜனவரியில் முடிவான உடன்பாட்டின்படி, ஹான்ஃபோர்டின் மேற்குப் பகுதியில் உள்ள 22 தொட்டிகளின் கழிவை 2040-க்குள் வெளியே எடுக்க வேண்டும். அதில் குறைகதிர்ப் பங்கைச் சிமெண்டாக்கி மாநிலத்துக்கு வெளியே புதைக்க வேண்டும். முப்பது ஆண்டு கண்ணாடி கண்ணாடி என்று நின்ற மாநில அரசு இதில் கையெழுத்துப் போட்டது சின்ன விஷயம் இல்லை.

அதில் எனக்கு நெருடும் இடம் ஒன்றுதான்: சிமெண்டை எங்கே கலப்பது? ஹான்ஃபோர்டு வளாகத்திலேயே கலந்து கெட்டியாக்கி ஏற்றினால், வழியில் லாரி கவிழ்ந்தாலும் ரோட்டில் கிடப்பது ஒரு பெரிய கல். அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடலாம். போய்ச் சேரும் இடத்தில் கலக்கலாம் என்று திரவமாகவே அனுப்பினால் உள்ளூரில் ஒரு கலவை ஆலை கட்டும் செலவும் சில வருடங்களும் மிச்சமாகும். ஆனால் கவிழ்ந்த இடத்தில் சாக்கடை, வாய்க்கால், கிணறு எல்லாம் கணக்கில் வந்துவிடும். காலத்துக்காக இவ்வளவு வாதாடிய நானே இந்த ஓர் இடத்தில் மட்டும் சில வருடம் பொறுத்து, கல்லாகவே ஏற்றச் சொல்வேன்.